முழங்காலில் இறங்கும் கப்பல்

அக்கா மற்றவர்கள் கால் வைத்த இடத்தில்தான் தன் காலை வைப்பார். நீர்வேலியில் நான் லப்டொப் திருத்தும் கடை வைத்திருந்தபோது கடைக்கு முன்னால் சின்னதாக ஒரு மண் முற்றம் இருந்தது. வருகிறவர்கள் சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே நடந்து வருவார்கள். அக்கா மட்டும் தெருக்கரையில் நின்று குனிந்து மண்ணைப் பார்ப்பார். யாராவது செருப்போடு நடந்துபோன அடி தெரிந்தால் அதன் மேல் தன் அடியை வைத்து வருவார். மழை பெய்து அடியெல்லாம் அழிந்த நாட்களில் தெருவிலேயே நின்றுகொண்டு, "தம்பி, ஒருக்கா இஞ்சை வாருமன்" என்று கூப்பிடுவார். நான் தெருவரைக்கும் போய்த் திரும்பி நடப்பேன். என் அடியில் அடி வைத்துப் பின்னால் வருவார்.

அப்போது எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது அவரை நினைத்தால் முதலில் வருவது பயம். பிரியமும் உண்டு. அது பயத்துக்குப் பின்னால் மெல்லத்தான் வரும்.

என் கூடப்பிறந்தவர் இல்லை, கடைக்கு வந்து பழக்கமானவர்தான். அவர் முதன்முதல் வந்தது லப்டொப் கொதிக்கிறது என்று சொல்லிக்கொண்டு. விசிறியில் அடைந்திருந்த தூசியைத் தட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தபோது திரையில் சந்திரன் தெரிந்தது. அதற்கு மேலே கால் முளைத்த பெட்டி போல ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. விண்கலம் ஓட்டிப் பழகுகிற சிமுலேட்டர் அது. விளையாட்டுத்தான், ஆனால் ஆளை ஆள் சுடுகிற விளையாட்டு இல்லை. பாரம், எரிபொருள், வேகம் எல்லாம் நிசத்தில் எப்படியோ அதிலும் அப்படியே. கணக்குப் பிழைத்தால் கலம் விழும். இருக்கிற கலத்தை ஓட்டிக்கொண்டிருக்கலாம். கெட்டிக்காரர் என்றால் தாங்களே புதிதாக ஒன்றை வரைந்து, அதில் என்ன சுமை ஏற்றுவது என்று தீர்மானித்து, இணையத்தில் மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். அக்கா கெட்டிக்காரர்.

"உது எவ்வளவு காலமாச் சுத்துது அக்கா?"

"போன வருசம் தொட்டு."

"இன்னும் இறக்கேல்லையோ?"

"நிலம் பாத்து முடியேல்லை" என்றார்.

மற்றவர்கள் தங்கள் கலத்தில் கமரா ஏற்றுவார்கள், கொடி ஏற்றுவார்கள், சின்ன வண்டி ஏற்றுவார்கள். அக்கா ஏற்றியிருந்தது குச்சிகள். தலையில் சிவப்புப் பூசிய குச்சி ஒரு கட்டு, வெள்ளை பூசிய குச்சி ஒரு கட்டு. அதோடு மண்ணைப் பக்கத்தால் சுரண்டுகிற நீளமான ஒரு கை. கலம் இறங்க முன்னர் கையும் குச்சிகளும் கீழே போக வேண்டும். நல்ல நிலத்தில் வெள்ளைக் குச்சி, சந்தேகமான நிலத்தில் சிவப்புக் குச்சி. அந்தக் கை எப்போதும் எங்கேயாவது ஒரு சிவப்பை நட்டுவிடும். கலம் இன்னொரு சுற்றுச் சுற்றப் போய்விடும்.

முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றுகிற வேலையில் அக்கா கனகாலம் இருந்தவர். முகத்துக்குக் கண்ணாடித் தட்டி, நெஞ்சுக்குக் கனத்த அங்கி, வெயிலில் முழங்காலில் நிற்பது. புல்லைக் கத்திரியால் நறுக்கி, மண்ணை ஓரத்தில் இருந்து சுரண்டிச் சுரண்டி முன்னே போவது. மேலே இருந்து அமர்த்தக் கூடாது. காலை தொடக்கம் மாலை வரை செய்தால் ஒரு பாய் விரிக்கிற நிலம் கிடைக்கும் என்பார். பயத்தில் வேலையை விட்டுவிட்டார் என்று ஊரில் கதை. நானும் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"பயத்திலை விடேல்லைத் தம்பி. ஒருநாள் முழங்காலிலை இருக்கேக்கை பின்னேரம் என்ன கறி வைக்கலாமெண்டு யோசிச்சுக்கொண்டிருந்தன். பயமே வரேல்லை. அண்டைக்கே அங்கியைக் கழட்டிக் குடுத்திட்டு வந்திட்டன்."

விட்ட பயம் பிறகு வட்டியோடு வந்து அவரிடம் குடியேறிவிட்டது. கதிரையில் இருக்க முன்னர் கதிரைக்குக் கீழே கையை விட்டுத் தடவுவார். தெருவில் கிடக்கும் வெறும் தகர ரின்னை யாராவது காலால் தட்டினால் கண்ணை இறுக்கி மூடுவார். தேத்தண்ணிக் கடையில் பார்சலை அவிழ்க்கும்போதுகூட நூலை இழுக்கமாட்டார், நறுக்குவார். பயம் தடிமன் காய்ச்சலைப் போல, பக்கத்தில் இருக்கிறவருக்கும் தொற்றும். அவரோடு பழகிய சில மாதத்தில் நானும் கடைக் கதவைத் திறக்க முன்னர் ஒருக்கால் நின்று மூச்சை இழுத்துக்கொண்டேன். எதற்கென்று எனக்கே தெரியாது.

கலத்தின் காலையும் அவர் தன் மாதிரியே வரைந்திருந்தார். மற்றக் கலங்கள் எல்லாக் காலையும் ஒன்றாகப் பதித்து இறங்கும். அக்காவின் கலம் முன்னங்காலை மடித்து, மாடு படுக்கிறது போல மெல்ல மெல்லத் தாழும். பேர் என்ன என்று கேட்டேன்.

"முழங்கால்."

"கப்பலுக்கு வைக்கிற பேரோ அக்கா உது?"

"நான் வரைஞ்ச கப்பலுக்கு வைக்கிற பேர்."

எரிபொருள் கணக்கு என் பங்கு. ஒருமுறை குச்சிக்கட்டு கூடிப்போய் முழங்கால் பூமியை விட்டு எழும்பவே இல்லை. இருந்த இடத்திலேயே இருந்து புகைத்தது.

"குச்சியைக் குறையுங்கோ அக்கா."

"எரிபொருளைக் குறைப்பம்."

"அப்ப திரும்பி வாறது?"

"திரும்பி வாறதுக்குக் கால் இருக்கோணுமெல்லோ" என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

இணையத்தில் ஒரு வெளிநாட்டுப் பெடியன் அவரைப் பிடித்துக்கொண்டான். சந்திரனில் யார் வெடி புதைத்தது என்று கேட்டு எழுதினான். புதைக்கவில்லை என்று யார் போய்ப் பார்த்தது என்று அக்கா இரண்டு விரலால் தட்டித் தட்டிப் பதில் போட்டார். மனிதர் போய் நடந்துவிட்டு வந்தாயிற்றே என்றான் அவன். அக்கா தட்டுவதை விட்டார். என் பக்கம் திரும்பினார்.

"அதுக்குத்தான் தம்பி நான் சந்திரனைப் பிடிச்சனான். அங்கை மழை இல்லை, காத்தும் இல்லை. அவையள் வைச்ச அடி அப்பிடியே கிடக்குமாம். தேடிப் பிடிச்சா அதிலை நடக்கலாம்."

அந்த வருடம்தான் அம்மாவின் சீதனக் காணி திரும்பக் கிடைத்தது. கீரிமலைக்குப் போகிற வழியில், நான் கைக்குழந்தையாக இருந்தபோது விட்டுவிட்டு ஓடிய காணி. பிறகு அது ஆமிக்காரரின் முட்கம்பிக்கு உள்ளே போய்விட்டது. நீர்வேலி வாடகை வீட்டில் இருந்துகொண்டு அம்மா அந்தக் காணியைப் பற்றிக் கதைக்காத நாள் இல்லை. அப்பா கண்ணை மூடும்வரை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். காணியைத் தந்தவர்கள், முன்பக்கம் வெடி தேடிப் பார்த்தாயிற்று, பின்மூலை இன்னும் பார்க்கவில்லை, குறி வைத்திருக்கிறது, அதைத் தாண்டவேண்டாம் என்று சொன்னார்கள். அம்மா தலையாட்டினார். குறிக்கு இந்தப் பக்கம், ஒரு பெரிய வேம்பின் கீழ், எங்கள் வைரவர் சூலம் துருப்பிடித்தபடி அப்படியே நின்றது. அதைக் கண்ட பிறகு அம்மாவுக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப்போய் விளக்கு வைத்துவிட்டு வருவார். முன்பக்கத்தில் வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட நாளும் பார்த்தாயிற்று.

எங்கள் குசினிக்குப் பின்னால் அம்மா பயத்தங்காய் போட்டிருந்தார். கடைக்கு ஒருநாள் வந்தபோது அக்காவைக் கண்டு, "பிள்ளை, வீட்டை வந்து உன்ரை கையாலை ஆய்ஞ்சுகொண்டு போ" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. அம்மா நடந்து நடந்து தேய்ந்த பாதையில் கால் வைத்து என் பின்னால் குசினிக் கோடிக்கு வந்தார். வந்தவர் அப்படியே குந்திவிட்டார்.

பயத்தங்கொடிக்கு அம்மா கொம்பு நட்டிருந்தார். எல்லாம் ஒரே அளவு, நேர்நேரான குச்சிகள். அக்கா ஒரு குச்சியின் தலையில் இருந்த இலையை விரலால் விலக்கினார். வெயிலில் வெளிறிப்போன சிவப்புத் தெரிந்தது.

"தம்பி, உது எங்கையிருந்து வந்தது?"

"அம்மா காணியிலையிருந்து கொண்டு வந்தவ. சேர்வேயர் காணி அளந்துபோட்டு விட்டிட்டுப் போன குச்சியாம். எல்லை பிடிபட்டிட்டுது, இனி என்னத்துக்கு எண்டு பிடுங்கினவ." சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் விளங்கிவிட்டது. 

"எல்லாத்தையுமோ?"

"கொடி முழுக்க நிக்குது, பாருங்கோவன்."

"அம்மா எங்கை?"

"வைரவரிட்டை" என்றேன்.

அம்மாவின் போனுக்கு எடுத்தேன். அது குசினிக்குள் அரிசிப் பானை மூடியில் கிடந்து அடித்தது.

மோட்டார் சைக்கிளை நான் ஓட்டிய ஓட்டம் எனக்கு நினைவில்லை. வழியில் எத்தனையோ வாழைத்தோட்டம், எத்தனையோ சந்தி, ஒன்றும் கண்ணில் படவில்லை. வெடிச் சத்தம் கேட்கிறதா என்று என் காது மட்டும் வேலை செய்தது. பின்னால் இருந்த அக்கா வழி முழுக்க ஒரே ஒருமுறைதான் வாய் திறந்தார். "விழுத்திப்போடாதையும். நாங்கள் போய்ச் சேரோணும்."

படலையடியில் இறங்கியபோது அம்மா தூரத்தில் வேம்பின் கீழ் நின்றார். விளக்கு வைத்து முடிந்திருந்தது. எங்களைக் கண்டதும் சிரித்து, குடையை உயர்த்திக் காட்டிவிட்டு நடக்க வெளிக்கிட்டார்.

"அம்மா, நில்லுங்கோ. அசையாதேங்கோ."

அக்காவின் மெலிந்த உடம்பில் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. அம்மா நின்றார். ஏதோ தன்னை ஏசுகிறார்கள் என்று நினைத்தவர் போல முகம் கறுத்து நின்றார்.

நான் படலையைத் தள்ளினேன். அக்கா என் சேட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டார். "விடுங்கோ அக்கா, நேரை ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வாறன்." பிடி விடவில்லை. "அப்ப நீங்கள் போங்கோ. உங்களுக்குத் தெரியும்தானே, நீங்கள் போங்கோ" என்று அழுதேன்.

"தெரிஞ்சபடியாத்தான் போகேல்லை" என்றார்.

வலிகாமத்தில் வேலை செய்துகொண்டிருந்த தன் பழைய பொறுப்பாளருக்குப் போன் எடுத்தார். வருகிறோம், யாரும் உள்ளே இறங்கவேண்டாம் என்றார்கள். ஆனால் ஆயத்தம் செய்துகொண்டு வர நேரம் எடுக்கும். அம்மாவோ ஒரு இடத்தில் நிற்கிற மனுசி இல்லை. சும்மா இருக்கச் சொன்னால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுகிற பிறவி. குறி வரிசை வளைந்து வளைந்து போனது என்று அம்மா முன்னர் சொல்லியிருந்தார். இப்போது அந்த வரிசை எங்கள் குசினிக் கோடியில் நின்றது. காணியில் எது பார்த்த நிலம், எது பாராத நிலம் என்று சொல்ல ஒருவரும் இல்லை; அம்மா வந்த அடியும் புல்லில் பதியவில்லை.

"பிள்ளை, எனக்குப் பஸ் போகப்போகுது" என்று அம்மா அங்கிருந்து சத்தம் வைத்தார்.

அக்கா தெருக்கரையில், படலைக்கு நேரே, முழங்காலில் இருந்தார். அங்கிருந்தே கூப்பிட்டார். 

"அம்மா, என்ரை கப்பலைப் பற்றித் தம்பி சொன்னவரோ?"

"சந்திரனுக்குப் போறதோ? சொன்னவன். விறகு ஏத்திக்கொண்டு போறியாம்."

"குச்சி அம்மா. அதைக் குறைச்சா வேறை என்ன ஏத்தலாம்? நிண்ட இடத்திலையே நிண்டு யோசிச்சுச் சொல்லுங்கோ."

அம்மாவிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் அவர் எந்த அலுவலையும் மறப்பார். அதை அக்கா எப்போது கவனித்து வைத்திருந்தாரோ தெரியாது.

"எத்தினை நாள் பயணம்?"

"போக ஒரு கிழமை, வர ஒரு கிழமை எண்டு வையுங்கோ."

"அப்ப பனங்கிழங்கு காயவைச்சு இடிச்ச ஒடியல் மா ஏத்து. லேசிலை பழுதாப்போகாது. வேப்பம்பூ வடகம் வை."

"பொரிக்க எண்ணெய் வேணுமே அம்மா. போற வழியிலை பாரம் இல்லை, எண்ணெய் உருண்டு மேலை மிதக்கும்."

"மிதக்குமோ? அப்ப வடகத்தை விடு. பனம்பழப் பினாட்டு வை. அது ஒட்டிக்கொண்டு கிடக்கும்."

"ஓம் அம்மா. பினாட்டு. பிறகு?"

இப்படியே போனது. தண்ணீர் எதில் கொண்டுபோவது, தேங்காயை உடைத்தா உடையாமலா, திருநீற்றுக்குட்டான் மூடி இறுக்கமா என்று இருவரும் காணிக்குக் குறுக்கே சத்தம் வைத்துக் கதைத்தார்கள். தெருவால் போனவர்கள் பைத்தியமோ என்று பார்த்தார்கள். நான் அம்மாவின் காலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். சறமும் சேட்டும் வியர்வையில் நனைந்துவிட்டன. என் அம்மாவின் பாதம் எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

ஒருமுறை எறும்பு கடித்தோ என்னவோ அம்மா இடது காலைத் தூக்கினார்.

"அம்மா, காலை எடுத்த இடத்திலேயே திருப்பி வையுங்கோ."

கால் அந்தரத்தில் நின்றது. அம்மா கீழே பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு சுற்றிவர நிலத்தைப் பார்த்தார். காலை மெல்ல, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"பிள்ளை, நான் பிடுங்கினது சேர்வேயற்றை குச்சி இல்லையோ?"

 "இல்லை அம்மா" என்றார் அக்கா.

அம்மா கையை நீட்டி வைரவர் சூலத்தைப் பிடித்துக்கொண்டார்.   பிறகு அம்மாவின் குரல், கொஞ்சம் சின்னதாக வந்தது.

"அப்ப கேளன் பிள்ளை. இன்னும் என்ன ஏத்தோணும்?"

வெடி எடுக்கிறவர்கள் வந்தார்கள். அங்கி போட்டு, முகத்தட்டி போட்டு, படலையில் இருந்தே முழங்காலில் இறங்கினார்கள். கிணற்றடியால், கருவி சத்தம் போட்ட இடத்தை மட்டும் சுரண்டி, அம்மாவிடம் ஒரு ஒடுங்கிய பாதை போய்ச் சேர உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. அம்மா அந்தப் பாதையால் குடையை ஊன்றி நடந்து வந்து, தெருவில் கால் வைத்ததும் தொப்பென்று இருந்துவிட்டார். அதுவரை சத்தம் போட்டுக் கதைத்துக்கொண்டிருந்த அக்கா வேலியோரம் போய்க் குனிந்து, தின்றதெல்லாம் சத்தி எடுத்தார்.

பிறகு அந்த மூலை வளைந்து முன்னுக்கு நீண்ட பக்கத்தைப் பார்த்தபோது ஒரு மிதிவெடி கிடைத்தது. பால்மா ரின் மூடியளவு. படலைக்கும் வேம்புக்கும் நேர்கோடு போட்டால் அதன் மேல் கிடந்தது. அம்மா எப்போதும் நிழலுக்காகக் கிணற்றடியால் சுற்றிப் போவார். நேரே ஓட நின்றது நான். இதை எழுதும்போதும் என் உள்ளங்கால் கூசுகிறது.

வீடு கட்டிக் குடிபூர ஒரு வருடம் பிடித்தது. காணி முழுவதும் பார்த்து முடிந்தது என்ற கடதாசியை அம்மா சாமித்தட்டில் வைத்திருந்தார். குடிபூரலுக்கு முதல்நாள் நல்ல மழை. வந்த சனம் எல்லாம் பக்கத்துத் தெருவால் வாகனத்தில் வந்து கொங்கிறீற் படியில் இறங்கியது. அக்கா சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பொதி செய்து பிடித்துக்கொண்டு படலைக்கு வெளியே நின்றார். படலைக்கு உள்ளே மண் வழுவழு என்று, ஒரு அடிகூட இல்லாமல் கிடந்தது.

"கடதாசி இருக்குது அக்கா, வாங்கோ" என்றேன்.

"தெரியும் தம்பி. கால் மாட்டன் எண்டுது."

அம்மா கண்டுவிட்டார். புதுச் சீலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு படியால் இறங்கினார். வாசலில் இருந்து படலைவரை மண்ணில் பாதத்தை அமர்த்தி அமர்த்தி நடந்தார். பிறகு திரும்பி, வேறு இடத்தில் மிதித்து, இன்னொரு வரிசை அடி வைத்துக்கொண்டு வந்தார். அக்கா கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அம்மாவின் சின்னப் பாதங்களுக்குள் தன் பாதத்தை வைத்து வைத்து, வியர்த்துப்போய் எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

அடுத்த வருடம் அவரைத் தமையன் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டார். போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் போன் எடுத்தார். குளிர் எப்படி என்று கேட்டேன். "பனி கொட்டேக்கை எனக்குச் சுகம் தம்பி. ஆர் எங்கை நடந்ததெண்டு வடிவாத் தெரியும்" என்றார். அதோடு முழங்காலையும் அனுப்பியிருப்பதாகவும், எரிபொருள் கணக்கை ஒருக்கால் சரிபார்க்கும்படியும் சொன்னார்.

போனைக் காதில் வைத்தபடியே திறந்து பார்த்தேன். அம்மா வந்து பக்கத்தில் நின்றார். கலம் சந்திரனில் முன்னங்காலை மடித்துத் தாழ்ந்தது. இத்தனை காலத்தில் அது இறங்கியதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். சுமைக் கதவு திறந்தது. குச்சிக்கட்டு இல்லை. சுரண்டுகிற கையும் இல்லை. குள்ளமாக ஒன்று வெளியே வந்தது. இரண்டு பாதமும் மேலே குடை மாதிரி ஒரு தட்டும்தான் அதற்கு. ஒருவரும் நடவாத மண்ணில் பாதத்தை அமர்த்தி அமர்த்தி வைத்து, முன்னே போய்க்கொண்டிருந்தது.

"இது என்ன அக்கா?"

"தெரியேல்லையோ? அம்மா."

அம்மா குனிந்து திரையைப் பார்த்தார். "முன்னாலை ஒருத்தரும் போகேல்லையே. அதுக்குப் பயமில்லையோ பிள்ளை?"

"பயந்து பயந்துதான் அம்மா நடக்குது. வடிவாப் பாருங்கோ."

பார்த்தோம். ஒவ்வொரு அடிக்கும் முன்னர் அது காலைத் தூக்கி, கொஞ்ச நேரம் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றது.

அம்மா திரையில் கையை வைத்து, "மெல்லப் போ, மெல்லப் போ" என்றார்.